தென்னை அடியில் காளான்: மருந்தா, நோயா?

சில தென்னந்தோப்புகளில், மரத்தின் அடியில் தரையை ஒட்டி, தட்டையாகவும் கெட்டியாகவும் ஒரு காளான் வளர்வதைக் காணலாம். மேற்புறம் மெருகு பூசியது போல் செம்பழுப்பு நிறத்தில் பளபளக்கும். இது கேனோடெர்மா என்னும் பூசணம். இதே இனத்தைச் சேர்ந்த காளானைச் சீனாவில் 'லிங்சி' என்றும், ஜப்பானில் 'ரெய்ஷி' என்றும் மருந்தாகப் பயன்படுத்துகின்றனர். அப்படியானால் நம் தோப்புக் காளானைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? கூடாது.

மருந்துக் குணம் எது?

உடலில் பல வேலைகளை என்சைம் எனப்படும் நொதிகளே நடத்துகின்றன. நொதியைப் பூட்டு என்று கொண்டால், அதில் பொருந்தும் பொருள் சாவி. வேறொரு பொருள் துளையை அடைத்துக் கொண்டால் சாவி நுழையாது; வேலை நின்றுவிடும். இப்படி அடைப்பதே நொதித் தடுப்பான்.

இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளை ஒரு நொதி உண்டாக்குகிறது. அதைத் தடுத்தால் இரத்த அழுத்தம் குறையும். எனாலாபிரில் மாத்திரை வேலை செய்வது இம்முறையில்தான். கேனோடெர்மாவில் உள்ள கசப்பான கேனோடெரிக் அமிலங்களில் சில, இதே நொதியைத் தடுப்பதாக 1986-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டனர். ஆனால் அது, பிரித்தெடுத்த பொருளைக் கொண்டு சோதனைக் குழாயில் கண்ட முடிவு. இவ்வமிலங்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே கஷாயம் மாத்திரைக்கு ஈடாகாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் அதை நிறுத்திவிட்டு இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டும் ஒன்றல்ல

சீனக் காளானும் வெகுகாலம் 'கேனோடெர்மா லூசிடம்' என்ற பெயரிலேயே வழங்கி வந்தது. 2012-ல் அதைத் தனி வகையாகப் பிரித்து 'கேனோடெர்மா லிங்சி' என்று பெயரிட்டனர். தோற்றத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

நோயின் அடையாளம்

தென்னையில் இக்காளான், தஞ்சாவூர் வாடல் அல்லது அடித்தண்டழுகல் நோயின் அறிகுறியாகும். 1952-ம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் பரவியதால் இப்பெயர் ஏற்பட்டது. முதலில் அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். காளான் வெளியே தெரிந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். பக்கத்து மரங்களையாவது காக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

* காளானைப் பறித்து எரிக்கவும். பட்ட மரத்தை வேரோடு அகற்றவும்.

* நோயுற்ற மரத்தைச் சுற்றி, 4 அடி தள்ளி, 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் பள்ளம் எடுக்கவும்.

* ஒரு மரத்துப் பாத்தி நீர் அடுத்த மரத்துக்குப் பாயாமல் தனித்தனியே பாய்ச்சவும்.

* மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடவும்.

* ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டரை வேர்ப்பகுதி நனைய ஊற்றவும். இதற்கு மயில்துத்தம் 400 கிராம், சுண்ணாம்பு 400 கிராம் போதும்.

சாறு வடியும்போதே கவனித்தால் தோப்பைக் காப்பாற்றலாம்.