வீட்டு வரைபடமும் கிணற்று நீரும்

நல்ல நாள் பார்த்து வாசற்கால் நாட்டும் நாம், கழிவுநீர் எவ்விடம் சென்று சேரும் என்பதை வீடு முடியும் தறுவாயிலேயே எண்ணுகிறோம். தறிக்கூடத்துடன் சிறு வீடு கட்டும் நெசவாளர்க்கும், தோட்டத்தில் சாளை போடும் விவசாயிக்கும் இவ்வழக்கம் தீங்கு பயப்பதாகும். முதலில் கிணறு, அடுத்துத் தொட்டி, அதன் பின்னர் வீடு என்ற வரிசையிலேயே வரைபடம் அமைதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சிப் பகுதிகளுக்கும் உரியன. 2024 ஜூலையில் தொடங்கப்பெற்ற சுயசான்றுத் திட்டத்தின்கீழ், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது நன்றே. ஆயினும், சான்றளிப்பவர் வீட்டுக்காரரே ஆதலின், அளவு நாடாவைப் பிடிக்கும் பொறுப்பும் அவருடையதாகின்றது. தோட்ட நிலத்தில் கட்டுவோர் நில வகைப்பாடு குறித்து ஊராட்சியில் முன்னரே விசாரித்தல் நலம்.

உறைகளை இறக்கி, அடித்தளமின்றி மூடிவிட்டு, அதனையே செப்டிக் தொட்டி எனக் கூறுதல் பல ஊர்களில் காண்பதாகும். அது வெறும் கசிவுக் குழியே. முறையான தொட்டி நீர் கசியாத தளமும் சுவரும் உடையது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 2470ஆம் எண் நெறித்தொகுப்பின்படி, ஐவர் வாழும் வீட்டிற்கு 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில், நீரின் ஆழம் 1 மீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

தொட்டியினின்று வெளிவரும் நீர் தெளிந்து காணப்படினும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அதனை ஏற்கும் உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கும், வீட்டிலிருந்து 6 மீட்டருக்கும் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும் என்பது அந்நெறி. குழித்தறி உள்ள வீட்டார் இரண்டாவது அளவை மறத்தலாகாது. குழியில் ஈரம் ஏறினால் தறிக்கும் நெய்பவரின் காலுக்கும் கேடு. களிமண் நிலம் நீரை எளிதில் உறிஞ்சாது. ஆதலால் சிறு குழி வெட்டி, ஓரிரவு நீரில் ஊறவிட்டு, மறுநாள் ஊற்றும் நீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தே இடத்தை முடிவு செய்க.

நெசவாளர் குடியிருப்பில் மனைகள் நெருங்கியவை. நம் கிணற்றுக்கு 18 மீட்டர் தள்ளி அமைத்த குழி, மதிலுக்கு அப்பால் அண்டை வீட்டுக் கிணற்றின் அருகே அமைந்துவிடலாம். தனித்தனியே தீட்டிய வரைபடங்கள் இதனைக் காட்டமாட்டா. ஒரு வரிசை வீட்டார் ஒன்றுகூடி, எல்லாக் கிணறுகளையும் குழிகளையும் ஒரே தாளில் குறித்துப் பார்ப்பதே வழி. கூட்டுறவின் பயன் நூல் கொள்முதலோடு நிற்பதன்று.

இன்னுமொரு கடமை உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தொட்டியின் கசடு அகற்றப்பட வேண்டும். உறிஞ்சு லாரியின் குழாய் எட்டும் வகையில் வழி விடாதவர், பின்னாளில் ஓர் ஏழையை உள்ளே இறக்க நினைக்கிறார். தொட்டியினுள் தேங்கும் நச்சு வாயு நொடிப்பொழுதில் உயிரைப் பறிக்க வல்லது. தக்க பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கித் தூய்மை செய்வித்தலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதற் குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவ்வேலையில் இறப்பவர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எத்தொகையும் போன உயிருக்கு ஈடாகாது.

எனவே அங்கத்தினர்கள் கடனுக்கும் அனுமதிக்கும் விண்ணப்பிக்குமுன் நாடாவுடன் மனையில் நிற்பார்களாக. கிணறு, அண்டை வீட்டுக் கிணறு, தொட்டி, உறிஞ்சு குழி, லாரி வரும் வழி ஆகிய ஐந்தும் வரைபடத்தில் இடம்பெற்ற பின்னரே கடைக்கால் தோண்டுதல் வேண்டும். கட்டிய குழியை இடம் மாற்றுதல் அரிது. தாளில் இட்ட கோட்டை மாற்றுதல் எளிது.