வலையமைப்பு வடங்களும் பயன்பெறுமதியும்: சில குறிப்புகள்

கணினிகளை இணைக்கும் வடத்தைத் தெரிவுசெய்தல் தொழினுட்பவியலாளரின் விடயமென்று கலைத்துறை சார்ந்த நாம் ஒதுங்கிக்கொள்வதுண்டு. ஆயின், நூலகங்களும் சுவடிக் காப்பகங்களும் எண்ணிமப்படுத்தப்படும் இன்று, சுவருக்குள் மறையும் வடமும் அறிவுப் பரம்பலின் பௌதிக அடித்தளத்தில் ஒரு கூறாகும். அதனைத் தெரிவுசெய்யும் நியமங்களை நாமும் அறிதல் அவசியம்.

1973 இல் செரொக்ஸ் ஆய்வுநிலையத்தில் ஈதர்நெற் உருவானபோது தடித்த ஓரச்சு வடமே பயன்பட்டது. தொலைபேசிக்கென 1881 இல் கிரகம் பெல் காப்புரிமம் பெற்ற முறுக்கிய சோடிக் கம்பி, 1990 இல் கணினி வலையமைப்புக்கும் நியமமாயிற்று. சோடியின் இரு கம்பிகளையும் புற இரைச்சல் ஏறத்தாழச் சமமாகவே தாக்குகின்றது. பெறுமுனை அவற்றின் வேறுபாட்டையே வாசிப்பதால் இரைச்சல் நீங்கிவிடுகின்றது. முறுக்கலின் தத்துவம் இதுவே.

இன்று வழங்கும் வகைகளுள் 5இ, செக்கனுக்கு 1 கிகாபிற்றை 100 மீற்றர்வரை கொண்டுசெல்லும். வகை 6, 10 கிகாபிற்றை ஏறத்தாழ 55 மீற்றர்வரையும், வகை 6ஏ அதனையே 100 மீற்றர்வரையும் கொண்டுசெல்லும். வகை 8 தரவு நிலையங்களுக்குரியது. அதன் எல்லை 30 மீற்றர். ஆகவே இலக்கம் உயர உயர எங்கும் பயன் உயரும் என்பது சந்தை தோற்றுவிக்கும் மயக்கமேயாகும். ஆளியோ கணினியோ 1 கிகாபிற்றுக்கே அமைந்திருப்பின், விலையுயர்ந்த வடம் வேகத்தைக் கூட்டாது. உலோகக் கவசமிட்ட வடமும் முறையாகப் புவித்தொடுப்புச் செய்யப்படாவிடின் எதிர்பார்த்த பயனைத் தராது. கட்டடங்களுக்கிடையே, குறிப்பாக இடிமின்னல் மிகுந்த எமது சூழலில், மின்னைக் கடத்தாத ஒளியிழையே தக்கது.

இவை யாவற்றிலும் முக்கியமானது வடத்தின் உள்ளீடு. அலுமினியத்தின்மீது செப்புப் படை பூசிய கம்பி, செப்பு வடத்தின் தோற்றத்துடனேயே மலிவாக விற்கப்படுகின்றது. நியமங்கள் அதனை ஏற்பதில்லை. அதன் தடை செப்பினதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வளைக்கையில் எளிதில் முறியும். வடத்தினூடே மின்வலு வழங்கப்படின் கூடுதலாகச் சூடேறும். பரிவர்த்தனைப் பெறுமதி பயன்பெறுமதியின் வேடத்தைப் புனைந்துகொள்வதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

எனவே தூரம், தேவையான வேகம், சூழல், உள்ளீடு என்ற ஒழுங்கில் வினவிய பின்னரே விலையை நோக்குதல் வேண்டும். பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்களில், இலக்கக் கவர்ச்சிக்காக விரயமாகும் தொகையும், போலி வடத்தை மீளப் பதிக்கச் செலவாகும் தொகையும் ஈற்றில் நூல் வாங்கும் நிதியிலிருந்தே கழிகின்றன. வடம் பற்றிய அறிவும் சமூகப் பொறுப்பின் பாற்பட்டதே.