விமானக் கல்லூரி மாணவர்களின் மனக்குறை

தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை உயர்ந்த படிப்புக்கு அனுப்ப ஆவல் கொள்வது மகிழத்தக்கதே. அண்மை ஆண்டுகளில் அந்த ஆவல் ஆகாய விமானத் துறையையும் எட்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டில் இண்டிகோ நிறுவனம் 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா நிறுவனம் 470 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. இத்தனை விமானங்களுக்கும் ஆள் வேண்டுமே என்ற எண்ணத்தில் விமானப் படிப்பு விளம்பரங்கள் சிற்றூர்ச் சுவர் வரை வந்து சேர்ந்தன. அதே வேளையில், சேர்ந்து படிக்கும் மாணவர்களின் மனக்குறையும் வளர்ந்திருக்கிறது. ஆசிரியர் போதவில்லை, பயிற்சி விமானம் போதவில்லை, சொன்ன காலத்தில் படிப்பு முடியவில்லை, முடித்தும் எதிர்பார்த்த உரிமம் கிடைக்கவில்லை என்பவை அவர்களது முறையீட்டின் சாரம். இக்குறைகள் எதனால் எழுகின்றன, அவற்றுள் எவை நியாயமானவை, பெற்றோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பனவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஒரே பெயரில் நான்கு படிப்புகள்

குழப்பத்தின் முதல் வேர் பெயரிலேயே இருக்கிறது. விமானக் கல்லூரி என்ற ஒரே பெயர்ப் பலகையின் கீழ் நான்கு வெவ்வேறு படிப்புகள் நடைபெறுகின்றன.

முதலாவது, விமானப் பொறியியல் பட்டப் படிப்பு. விமானத்தை வடிவமைக்கவும் ஆராயவும் கற்பிப்பது இது. குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் பெயர் பெற்றது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அங்கு பயின்றவர். இரண்டாவது, விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு. பழுது பார்க்கப்பட்ட விமானம் பறக்கத் தகுதியுடையது என்று கையொப்பமிடும் உரிமத்துக்கு வழி வகுப்பது இதுவே. மூன்றாவது, விமானி பயிற்சி. நான்காவது, விமான நிலைய நிர்வாகம், பயணிகள் சேவை முதலிய பட்டங்களும் பட்டயங்களும்.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் (டி.ஜி.சி.ஏ.) நேர் அங்கீகாரத்தின் கீழ் நடைபெற வேண்டியவை. மற்றவை பல்கலைக்கழகங்களின் ஆளுகைக்கு உட்பட்டவை. பொறியியல் பட்டம் மட்டும் பெற்றவர் விமானத்தைப் பழுது பார்த்துச் சான்றளிக்க முடியாது. நிர்வாகப் பட்டம் பெற்றவர் விமானம் ஓட்ட முடியாது. இந்த வேறுபாட்டைச் சேர்க்கையின்போது தெளிவாகச் சொல்லாத நிறுவனங்கள் உண்டு. மூன்று ஆண்டு கழித்து உண்மையை உணரும் மாணவன் வருந்துவதில் வியப்பில்லை.

மணிக் கணக்கும் விமானக் கணக்கும்

விமானி பயிற்சியில் எழும் குறை பெரும்பாலும் காலதாமதத்தைப் பற்றியது. வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். இவற்றோடு எழுத்துத் தேர்வுகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 மதிப்பெண் பெற்றால்தான் தேர்ச்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பயிற்சிப் பள்ளியில் 60 மாணவர்களும் 5 விமானங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 மணியானால் மொத்தம் 12,000 மணி. மழையும் மூடுபனியும் பழுதும் போக ஆண்டுக்கு 250 நாள், நாளொன்றுக்கு 3 மணி வீதம் ஒரு விமானம் பறந்தால் 750 மணியாகும். ஐந்து விமானங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 3,750 மணி. ஆக, 60 பேரும் பயிற்சி முடிக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். பதினெட்டு மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று அப்பள்ளி சொல்லுமானால் அச்சொல் கணக்குக்கு ஒவ்வாது. ஐந்து தறிகளை வைத்துக்கொண்டு பதினைந்து தறிக்குரிய சேலைகளுக்கு முன்பணம் வாங்குவதற்கு ஒப்பானது இது.

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உள்ளன. பயிற்சி விமானங்களுக்குரிய ஏவ்காஸ் எரிபொருள் முன்பு முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் அதை வடோதராவில் உற்பத்தி செய்து வெளியிட்டது. தேர்ந்த பயிற்றுநர்கள் அதிக ஊதியத்துக்காக விமான நிறுவனங்களுக்குச் சென்றுவிடுவதும் வழக்கம். ஆயினும், இவற்றை அறிந்தே கட்டணம் வாங்கும் நிர்வாகம் பொறுப்பிலிருந்து நழுவுதல் தகாது. தாமதத்தால் விடுதிச் செலவு ஏறுகிறது. முதல் வகுப்பு மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க நேருகிறது. கடனுக்கு வட்டி வளருகிறது.

பராமரிப்புப் படிப்பின் நிலையும் இத்தகையதே. முழுமையான பராமரிப்புப் பயிற்சிக்கு 2,400 மணி நேரம் விதிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி செய்முறைப் பயிற்சி. ஓடாத பழைய விமானம் ஒன்றைத் தோட்டத்தில் நிறுத்திவைத்து, படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினால் அந்தப் பாதி வீணாகிறது. படிப்பை முடித்த பின்னும், இயங்கும் விமானங்களில் குறிப்பிட்ட காலம் வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். அந்த அனுபவத்துக்கு வழி செய்யாத கல்லூரி, பாவு ஓட்டக் கற்பித்துத் தறியில் உட்கார விடாத ஆசானைப் போன்றது.

இது மாணவர் குறை மட்டுமன்று

பயிற்சியின் தரம் குறைந்தால் அதன் தீமை மாணவரோடு நிற்பதில்லை. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்காவில் பஃபலோ நகருக்கருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். விமானம் தன் தூக்கு விசையை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை எழுந்தபோது விமானி தவறான முறையில் இயக்கியதே காரணம் என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. அதன் பின்னர் அந்நாட்டில் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் கட்டாயமாக்கப்பட்டது.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டில், போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதிய செய்தியும் அப்போது வெளிப்பட்டது. பயிற்சிப் பள்ளிகள் தணிக்கைக்கு உள்ளாயின. 2014 ஜனவரியில், இந்தியாவின் விமானப் பாதுகாப்பு மேற்பார்வை போதாதென்று அமெரிக்கா நம்மை இரண்டாம் நிலைக்கு இறக்கியது. 2015 ஏப்ரலில்தான் பழைய நிலை திரும்பியது. எனவே, எங்களுக்கு ஒழுங்காகக் கற்பியுங்கள் என்று கேட்கும் மாணவன், நாளை அந்த விமானத்தில் ஏறப்போகும் பயணிகளுக்காகவும் கேட்கிறான் என்றே கொள்ள வேண்டும்.

அரசாங்கமும் இதை உணர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டில் டி.ஜி.சி.ஏ. விமானப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. அவ்வாண்டு வெளியான முதல் பட்டியலில், மேலான இரண்டு நிலைகளில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. 13 பள்ளிகள் மூன்றாம் நிலையான ‘பி’யிலும், 22 பள்ளிகள் கடைசி நிலையான ‘சி’யிலும் வைக்கப்பட்டன. மாணவர்களின் முறையீடு வெறும் கூச்சலன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சேருமுன் செய்யத்தக்கவை

நம் அங்கத்தினர்கள் நெல் விதை வாங்கும்போது மூட்டையில் நீல நிறச் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு 80 விதையேனும் முளைக்க வேண்டும் என்ற விதியையும் அறிந்திருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குக் காட்டும் இந்த விழிப்பைப் பல லட்சம் ரூபாய்ப் படிப்புக்கும் காட்ட வேண்டும். விமானி பயிற்சிக்கு இன்று ஐம்பது லட்சம் ரூபாய் அளவில் செலவாகிறது. வேலையில் சேருமுன் குறிப்பிட்ட விமான வகையில் தனிப் பயிற்சி பெறவும் பெரும்பாலும் மேலும் பல லட்சம் வேண்டியிருக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குப் பொதுவாக ஈடு காட்ட வேண்டும். அந்த ஈடு பெரும்பாலும் வீடாகவோ நிலமாகவோ இருக்கும்.

ஆகவே, பள்ளியின் பெயர் டி.ஜி.சி.ஏ.யின் அங்கீகாரப் பட்டியலிலும் தரவரிசையிலும் இருக்கிறதா என்று முதலில் காண்க. இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள், எத்தனை மாணவர்கள் என்று கேட்டு, மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க. கடந்த ஆண்டில் எத்தனை பேர் உரிமம் பெற்றனர் என்பதை எழுத்தில் கேட்க. கடைசி ஆண்டு மாணவர்களைத் தனியே சந்தித்து விசாரிக்க. முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் செலுத்தாமல், பறந்த மணிகளுக்கு ஏற்பத் தவணைகளாகச் செலுத்த ஒப்பந்தம் கோருக. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

சேர்ந்த பின் பரிகாரம்

சேர்ந்த பிறகு குறை நேர்ந்தால், நாள், மணி, நடைபெறாத வகுப்பு இவற்றைக் குறித்து வைத்து, நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரியாயின், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கு மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதன் முடிவில் நிறைவில்லையேல் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று 2018ஆம் ஆண்டிலேயே அக்குழு அறிவித்திருக்கிறது. விமானி பயிற்சி, பராமரிப்புப் பயிற்சி பற்றிய முறையீடுகளை டி.ஜி.சி.ஏ.க்கு அனுப்ப வேண்டும்.

நுகர்வோர் மன்றத்தை மட்டும் நம்பியிருப்பது விவேகமன்று. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்படா என்றும், தனிப் பயிற்சி வகுப்புகள் மட்டும் உட்படும் என்றும் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தீர்ப்பளித்தது. பணம் கட்டிய பின் வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

தனியொரு மாணவன் குறை கூறினால் அவனைக் குழப்பக்காரன் என்று ஒதுக்குவது எளிது. அறுபது பேர் ஒரே மனுவில், தேதியும் கணக்கும் காட்டிக் கையொப்பமிட்டால் எந்த நிர்வாகமும் பதில் சொல்லியாக வேண்டும். பெற்றோருக்கும் இதுவே பொருந்தும். ஓர் ஊரிலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே கல்லூரியை நாடினால், பெற்றோர் தனித்தனியே சென்று ஏமாறாமல் ஒன்றுகூடிச் சென்று விசாரிக்கலாம். நூலைச் சேர்ந்து வாங்கி, விளைபொருளைச் சேர்ந்து விற்றுப் பழகிய நம் சங்கத்தாருக்கு இது புதிய வழியன்று. படிப்புக்காக நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைக்க எண்ணும் அங்கத்தினர்கள், பத்திரத்தில் கையொப்பமிடுமுன் கல்லூரியின் விவரங்களைச் சங்க நிர்வாகக் குழுவின் முன் வைத்து, கற்றறிந்த இளைஞர்களைக் கொண்டு அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.