விண்மீன் வளிமண்டல வேதியியலில் மூலக்கூற்றுத் தரவுகள்: காவலூர் நிறமாலை ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வேதிச் சமநிலையையும் வினைவேகத்தையும் கணக்கிடுவதற்கு மூலக்கூறுகளின் பிரிகை ஆற்றல், அதிர்வெண், சுழற்சி மாறிலி, எலக்ட்ரான் நிலைகள் ஆகிய தரவுகள் அடிப்படையாகின்றன. இத்தரவுகள் வெப்ப இயக்கவியல் அளவுகளாக மாறும் முறையையும், அவற்றிலுள்ள சிறு பிழை ஆய்வு முடிவுகளைப் பாதிக்கும் அளவையும் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் நிறமாலைகளைப் பயன்படுத்திய இரு ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிரிகை ஆற்றல், பகிர்வுச் சார்பு, சமநிலை மாறிலி, மக்னீசியம் ஐதரைடு, காவலூர்.

1. முன்னுரை

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் காவலூர் அமைந்துள்ளது. இங்கு 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வானாய்வு தொடங்கியது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டிற்கு வந்தது. வானாய்வகமும் அத்தொலைநோக்கியும் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளன. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12.6 பாகை வடக்கே இருப்பதால், தென்வானத்து ஒமேகா சென்டாரி கோளக் கொத்தும் அங்கிருந்து தொடுவானுக்கு மேல் சுமார் 30 பாகை உயரத்தில் தென்படும்.

தொலைநோக்கி தருவது ஒளியின் பகுப்பே. ஒரு பட்டை எவ்வளவு ஆழமாக உள்ளது என்பதை நிறமாலை காட்டும். அந்தப் பட்டையை உருவாக்கிய தனிமம் எவ்வளவு உள்ளது என்பதை அது நேரடியாகக் காட்டாது. முன்னதிலிருந்து பின்னதை அடைய வேதி வெப்ப இயக்கவியலின் துணை வேண்டும். அதற்கான எண்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூட நிறமாலையியலிலிருந்து பெறப்படுகின்றன.

2. மூலக்கூற்றுத் தரவிலிருந்து சமநிலை மாறிலி

ஒரு மூலக்கூறு எத்தனை ஆற்றல் நிலைகளில் பரவி இருக்க இயலும் என்பதை வெப்பநிலைக்கு ஏற்பத் தொகுத்துரைப்பது பகிர்வுச் சார்பு. மக்னீசியம் ஐதரைடை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 4500 கெல்வினில் வெப்ப ஆற்றல் அலையெண் அலகில் சுமார் 3128. சுழற்சி மாறிலி ஏறத்தாழ 5.8 என்பதால் சுழற்சிப் பங்கு சுமார் 540 ஆகிறது. அதிர்வு அலையெண் ஏறத்தாழ 1495. எளிய அலையியற்றி அணுகுமுறையில் அதன் பங்கு 2.6. இணையற்ற எலக்ட்ரானின் தற்சுழற்சி 2 என்னும் பெருக்கியைத் தருகிறது. இம்மூன்றின் பெருக்கம் சுமார் 2,800.

மூலக்கூறு, அதன் கூறுகளான அணுக்கள் ஆகியவற்றின் பகிர்வுச் சார்புகளோடு நிறைகளையும் பிரிகை ஆற்றலையும் இணைத்தால் சமநிலை மாறிலி கிடைக்கும். இவற்றுள் பிரிகை ஆற்றல் அடுக்குக்குறியில் இடம்பெறுவதால் அதன் பிழை பெருகி வெளிப்படும். 0.1 எலக்ட்ரான் வோல்ட் பிழை, மாறிலியை 4500 கெல்வினில் 1.29 மடங்கும், 1500 கெல்வினில் 2.17 மடங்கும், 300 கெல்வினில் சுமார் 48 மடங்கும் மாற்றிவிடும்.

3. மக்னீசியம் ஐதரைடு: நான்கு விண்மீன்களின் சான்று

ஹேமா, பாண்டே ஆகியோர் ஒமேகா சென்டாரியின் செம்பெரு விண்மீன்களைக் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியால் ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். மக்னீசியம் அணுவின் மூவரிக் கோடுகளும் மக்னீசியம் ஐதரைடின் பட்டையும் 5200 ஆங்ஸ்ட்ரோம் அருகே அடுத்தடுத்து அமைவது இவ்வாய்வுக்கு வாய்ப்பாயிற்று. அணுக்கோடுகள் மக்னீசியத்தின் அளவை உணர்த்தும். மூலக்கூற்றுப் பட்டையோ மக்னீசியம், ஐதரசன் ஆகிய இரண்டையும் சார்ந்திருக்கும்.

நான்கு விண்மீன்களில் அப்பட்டை எதிர்பார்த்ததைவிட மெலிந்தோ அறவே இல்லாமலோ இருந்தது. பட்டையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் மக்னீசியத்தின் அளவு மிகக் குறைவாக வந்தது. அணுக்கோடுகளின் வலிமை அதனை ஏற்கவில்லை. ஆகவே அவற்றின் வளிமண்டலத்தில் ஐதரசன் ஒப்பீட்டளவில் குறைவு என்பதே பொருந்தும் விளக்கம் என்றும், அவை ஈலியம் மிகுந்த விண்மீன்களாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினர்.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. குறைந்திருப்பது ஐதரசனா, அன்றிப் பிழைபட்டிருப்பது பிரிகை ஆற்றலா? மூலக்கூற்றின் பிரிகை ஆற்றலுக்கு முற்கால நூல்கள் வேறுபட்ட மதிப்புகளைத் தந்தன. 2007இல் வெளியான ஆய்வுக்கூட அளவீடு அதிர்வு நிலைகளைப் பிரிகை எல்லை வரை தொடர்ந்து சென்று, அதனைச் சுமார் 1.28 எலக்ட்ரான் வோல்ட் என நிறுவியது. மேலும், மாறிலியில் பிழை இருப்பின் ஒத்த வெப்பநிலையுள்ள விண்மீன்கள் அனைத்தையும் அது ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பாதிக்கும். அதே கொத்தின் பிற விண்மீன்கள் எதிர்பார்த்த அளவைத் தர, நான்கு மட்டும் விலகி நிற்பதற்கு அப்பிழை காரணமாக இயலாது. ஒப்பீட்டு முறையின் வலிமை இதுவே.

4. இரட்டைக் கார்பன்: நீங்காத முரண்

ஒப்பீடு மட்டும் போதாத இடமும் உண்டு. ஐதரசன் குன்றிய ஆர் கொரோனே போரியாலிஸ் வகை விண்மீன்களின் இரட்டைக் கார்பன் பட்டைகளை ஹேமா, பாண்டே, லாம்பர்ட் ஆகியோர் 2012இல் ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட நிறமாலைகளுள் காவலூரில் பெற்றவையும் அடங்கும். இவ்வகை விண்மீன்களில் கார்பன் அணுக்கோடுகள் தரும் அளவு, மாதிரி வளிமண்டலத்தில் கொள்ளப்பட்ட அளவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குறைவு. இது ‘கார்பன் சிக்கல்’ எனப்படுகிறது. மூலக்கூற்றுப் பட்டைகளைப் பொறுத்தவரை இதற்கான தீர்வு மாதிரியின் வெப்பநிலை அமைப்பைத் திருத்துவதில் இருக்கலாம் என அவ்வாய்வு கருதியது.

இம்மூலக்கூற்றின் வரலாறும் எச்சரிக்கை தருவது. ஸ்வான் பட்டைகளின் கீழ்நிலையான மும்மை நிலையே இதன் அடிநிலை என நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையான அடிநிலை ஒருமை நிலை என்பதும், மும்மை நிலை அதற்குச் சுமார் 0.09 எலக்ட்ரான் வோல்ட் மேலே உள்ளது என்பதும் பின்னரே தெளிந்தன. 5000 கெல்வினில் எலக்ட்ரான் பங்கு ஏறத்தாழ 5.9, பழைய கருத்துப்படி அது 6. வேறுபாடு புலப்படாது. 300 கெல்வினிலோ உண்மை மதிப்பு 1.2 மட்டுமே. உயர் வெப்பநிலையில் மறைந்திருக்கும் பிழை தாழ் வெப்பநிலையில் வெளிப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

5. சமநிலையிலிருந்து வினைவேகத்திற்கு

அடர்ந்த வளிமண்டலத்தில் மோதல்கள் மிகுதி. ஆதலால் சமநிலைக் கணக்கு பொருந்தும். வளி வெளியேறிக் குளிர்ந்து கார்பன் துகள்களாகும் புறப்பகுதியில் சமநிலை எய்துவதற்குக் காலம் போதாமல் போகலாம். அங்கு வினைவேக மாறிலிகள் வேண்டும். 1935இல் உருவான இடைநிலைக் கோட்பாடு, வினைபடு பொருள்களோடு இடைநிலை அணைவின் பகிர்வுச் சார்பையும் ஆற்றல் தடையின் உயரத்தையும் கேட்கிறது. நிலையற்ற அந்த அணைவை நேரடியாக அளத்தல் அரிது. குவாண்டம் கணிப்புகளையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. 1500 கெல்வினில் 0.1 எலக்ட்ரான் வோல்ட் பிழை வேகத்தை இரு மடங்கிற்கு மேல் மாற்றும் என்பது முன்னரே காட்டப்பட்டது.

6. முடிவுரை

காவலூர் நிறமாலைகளைப் பயன்படுத்திய ஆய்வுகள் உணர்த்துவன மூன்று. மூலக்கூற்றுத் தரவின் துல்லியம் பயன்படும் வெப்பநிலையைப் பொறுத்தே மதிப்பிடத்தக்கது. ஒத்த விண்மீன்களை ஒப்பிடும் முறை பொதுப்பிழைகளைப் பெரிதும் நீக்கும். தனி அளவு தேவைப்படும் இடத்தில் தரவு, மாதிரி ஆகிய இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். ஆதலின் ஆய்வேடுகளில் முடிவை மட்டும் குறிக்காமல், எடுத்தாண்ட பிரிகை ஆற்றலையும் பகிர்வுச் சார்பையும் உடன் பதிவு செய்தல் இன்றியமையாதது. பின்னாளில் அளவீடு திருந்தும்போது அம்முடிவையும் திருத்திக்கொள்ள அதுவே வழியாகும்.