சிசுவுக்கு ஓர் அறை

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் புதிய சிசுவின் வரவை எதிர்நோக்கி அறையைச் சித்தம் செய்யும் இல்லத்தார், வர்ணம் பூசுவதையும் பொம்மை வாங்குவதையும் சற்றே ஒத்திவைத்து, முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது தூளி கட்டும் கொக்கியையே. உப்புக் காற்று இரும்பை வெகு விரைவில் அரிப்பதாதலால், கீழ்ப்புறம் வர்ணம் பளபளக்கும்போதே, கொக்கி கூரைக்குள் நுழையும் இடத்தில் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து இரும்பு மெலிந்திருக்கக்கூடும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியைத் தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு பொருத்தி, அரிசி மூட்டையொன்றைத் தொங்கவிட்டுச் சோதித்த பின்னரே தூளி கட்டுதல் உசிதம்.

அடுத்தது தூளித் துணி. டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மெல்லிய மஸ்லின் துணியைக் கப்பலேற்றியது சரித்திரம். ஆயினும் சிசுவின் மேனிக்கு அதனினும் இதமானது, பன்முறை துவைத்து மிருதுவாகி, நூல் மட்டும் நைந்துபோகாத அன்னையின் பருத்திச் சேலையே.

தூளியில் வளைந்து கிடக்கையில் மோவாய் மார்பில் அழுந்திச் சுவாசம் தடைப்பட இடமுண்டாதலால், பெரியவர் ஒருவர் அருகிருந்து கவனித்தல் அவசியம். குழந்தை அயர்ந்தபின், தலையணையில்லாத உறுதியான சமப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே க்ஷேமம் என்பது வைத்தியர்களின் அபிப்பிராயம்.

அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் சிசுக்களுக்கென 2015-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 16 பொருள்களில் கொசுவலையும் ஒன்று என்பதை நினைவிற்கொண்டு, குழந்தை வீடு வந்த முதல் நாளிலிருந்தே, பகல் உறக்கத்திலும், வலையை விரித்து வையுங்கள்.