தனித்து நின்று சிரிக்க வைக்கும் தொழில்

சுனாபட்டி என்னும் பெயரைக் கேட்டதும், மும்பைக்குப் புதிதாக வந்த தமிழர் அதனை ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வரிசையில் சேர்த்துவிடுவர். உண்மையில் அது சுண்ணாம்புக் காளவாய் என்னும் பொருளுடைய பெயர். இம்மயக்கத்தைத் தமிழர் அவையில் சொன்னால் நகைப்பர். இந்தியில் பெயர்த்துச் சொன்னால் ஒருவரும் நகையார். மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நாம் ஓர் அலுவலக விழாவில் அதனைச் சொல்லிப் பார்த்து, அவையின் அமைதியை நேரில் அறிந்தோம்.

அச்சுனாபட்டியில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர், 'ஸ்டாண்ட் அப் காமெடி' என வழங்கும் தனிமேடை நகைச்சுவையைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று நம்மை வினவினார். வங்கி வேலையை அன்றே உதறிவிடத் துடித்தார் அவர். அருகிலிருந்த தந்தையாரோ, நம் வாயிலிருந்து 'வேண்டாம்' என்னும் சொல் வாராதா என்று காத்திருந்தார். இருவருக்கும் நாம் எடுத்துரைத்தது, பக்கத்துத் தாராவியில் வளர்ந்த ஜானி லீவரின் வரலாறு.

1957-இல் ஆந்திரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஜான் பிரகாஷ் ராவ். வறுமையால் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. தெருவில் பேனா விற்றபோது, திரைப்பட நடிகர்களின் குரலிலும் நடையிலும் கூவி விற்றார். பின்னர், தந்தை பணியாற்றிய இந்துஸ்தான் லீவர் ஆலையிலேயே தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கு ஒரு விழாவில் மேலதிகாரிகளைப் போலவே பேசிக் காட்ட, உடன் உழைத்தோர் மகிழ்ந்து சூட்டிய பெயரே 'ஜானி லீவர்'. அவர் உடனே வேலையை விட்டாரல்லர். ஆலைப் பணியோடு மேடைகளிலும் தோன்றி, அவ்வருவாய் நிலைபெற்ற பின்பே 1981-இல் விலகினார். இதைக் கேட்டதும் தந்தையாரின் முகம் சற்றே தெளிந்தது.

இன்று இத்தொழிலின் நுழைவாயில் 'ஓப்பன் மைக்' என்னும் திறந்த மேடையாகும். புதியவர் ஒருவருக்கு நான்கைந்து நிமிடமே கிடைக்கும். ஊதியம் இல்லை, சில இடங்களில் பேசுபவரே கட்டணம் செலுத்துதலும் உண்டு. கேட்போரில் பாதிப்பேர் தம் முறைக்காகக் காத்திருக்கும் பிற நகைச்சுவையாளர். அவர்களைச் சிரிக்க வைத்தல் எளிதன்று. பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, எவ்விடத்தில் சிரிப்பு எழுந்தது, எங்கே எழவில்லை என்று மறுநாள் கேட்டுத் திருத்த வேண்டும். நல்ல ஐந்து நிமிடம் அமையப் பல மாதங்கள் ஆகும். ஒரு மணி நேரம் அமையச் சில ஆண்டுகள். கட்டணக் காட்சிகளும் நிறுவன விழாக்களும் அதன் பின்னரே வாய்க்கும். (மத்திய அரசு ஊழியராகிய நேயர்கள் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் பதினைந்தாம் விதியைப் படித்துக்கொள்க. அவ்வப்போது செய்யும் கலைப்பணிக்கு அதில் இடமுண்டு. தொழிலாகவே மேற்கொள்வதற்கு முன் அனுமதி வேண்டும்.)

எம்மொழியில் பேசுவது என்பதே கடினமான வினா. அமெரிக்காவில் கணினித் துறையில் பணியாற்றித் திரும்பிய அலெக்சாண்டர் பாபு தமிழிலேயே பேசிப் பாடிப் புகழ்பெற்றார். ஆனால் அவர் களம் சென்னை. மும்பை மேடை இந்தியையே பெரிதும் வேண்டும். அங்கே தமிழருக்கென ஓர் எளிய சிரிப்பு எப்போதும் காத்திருக்கிறது. 1968-இல் வெளிவந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் ஏற்ற தமிழ்ப் பாட்டு வாத்தியார் வேடத்தை நேயர்கள் அறிவர். அந்த உச்சரிப்பை எடுத்து வீசினால் இன்றும் அவை சிரிக்கும். எனினும் அச்சிரிப்பு பேச்சைக் கேட்டு எழுவதன்று. நம்மைப் பார்த்து எழுவது. அதைக் கொண்டு தொடங்குபவர் அதிலேயே நின்றுவிடுவார் என்பது நம் கருத்து.

இளைஞர் சென்ற மாதம் கார் ரோடு அருகே ஒரு சிறு மேடையில் ஏறினார். தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆயினும் இந்நகரின் படிவங்கள் அதைக் கேட்கின்றன. ஆதலால் தந்தை பெயரை எழுதப்போய், வங்கியில் எல்லோரும் தம்மைத் தந்தை பெயராலேயே அழைப்பதையும், மேலாளர் தம்மைக் கடியும்போதெல்லாம் தந்தையாரே வசை வாங்குவதையும் இந்தியில் சொன்னாராம். மற்றவை வீழ்ந்தன, அதற்கு மட்டும் அவை வாய்விட்டுச் சிரித்தது.

வடாலாவில் ரயில் மாறி அவர் வீடு சேர நள்ளிரவாயிற்று. விழித்திருந்த தந்தையார் முழுவதையும் கேட்டார், சிரிக்கவில்லை. அந்த மேலாளரின் பெயர் என்ன என்று மட்டும் வினவினாராம்.