இளம் ஆர்க்கிடெக்ட்டுக்கு யார் தொழில் கற்றுத்தருவது?

வீடு கட்ட நினைப்பவர் இப்போது ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை. கைப்பேசியில் நாலைந்து படங்கள் வைத்திருக்கிறார். செட்டிநாட்டுத் தூண், நடுவில் முற்றம், முகப்பில் கண்ணாடி என்று ஏஐ செயலியில் தட்டியதும் வந்து விழுந்தவை. “இதே மாதிரி வேணும் சார். பிளான் மட்டும் போட்டுக் கொடுங்க” என்கிறார்.

படம் அழகாகத்தான் இருக்கும். மாடிப்படியை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீடுகளில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் 17 முறை கால் தூக்கியாக வேண்டும். நேராக ஏற்றினால் படிக்கட்டே 4 மீட்டர் நீளும். சின்ன மனையில் அதைப் பாதியில் திருப்ப வேண்டும். திருப்பத்தில் பீம் தலையில் இடிக்கிறதா, படிக்குக் கீழே கழிவறை அடங்குமா என்று பார்க்க வேண்டும். ஏஐ படத்திலோ ஒன்பது படி ஏறினால் மாடி வந்துவிடுகிறது!

ஆகவே அனுபவசாலிகளின் பிழைப்புக்கு உடனே ஆபத்தில்லை. கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளியே வருபவர்களுக்குத்தான் சிக்கல். அவர்கள் தொழில் கற்றுக்கொண்ட வேலைகளைத்தான் மென்பொருள் முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் திருத்தம் போடுவதுதான் வேலை. ஒரு ஜன்னலை அரை அடி நகர்த்தச் சொன்னால் பிளானில் நகர்த்தி, எலிவேஷனில் மாற்றி, செக்‌ஷனில் சரிசெய்து, கதவு ஜன்னல் பட்டியலையும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் சைட்டில் மேஸ்திரி போன் போட்டுவிடுவார். அலுப்பான வேலைதான். ஆனால் லின்டல் எந்த மட்டத்தில் ஓடுகிறது, எந்த இடத்தில் பீம் குறுக்கே வருகிறது, கழிவுநீர்க் குழாய் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அந்த அலுப்பினூடேதான் மண்டையில் ஏறின.

ரெவிட் போன்ற ‘பிம்’ மென்பொருள்களில் கட்டடம் முழுவதும் ஒரே மாடலாக இருக்கும். ஓரிடத்தில் ஜன்னலை நகர்த்தினால் எல்லாத் தாள்களிலும் அதுவே மாறிக்கொள்ளும். இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு மாடலிலிருந்து தோற்றப்படம் (ரெண்டர்) எடுத்த காலமும் போய்விட்டது. 2022-இல் மிட்ஜர்னி என்ற ஏஐ படச் செயலி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், முதல்கட்ட யோசனைப் படங்களுக்கு மாடலே தேவையில்லை என்றாகிவிட்டது. நாலு ஜூனியர் செய்ததை இரண்டு பேரை வைத்து முடிக்கலாமே என்று முதலாளி கணக்குப் போடுவதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

வேலையில் கற்கும் வாய்ப்பு இப்படிச் சுருங்குவது மற்ற நாடுகளைவிட இங்கே அதிகம் உறைக்கும். அமெரிக்காவில் உரிமம் பெற 3,740 மணி நேர வேலைப் பயிற்சியைப் பதிவுசெய்து, ஆறு பகுதிகள் கொண்ட தேர்வையும் தாண்ட வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டம் இருந்தால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவுசெய்துவிடலாம். படிப்புக்கு நடுவே ஓர் அலுவலகத்தில் பயிற்சி உண்டு, அவ்வளவுதான். உண்மையான பள்ளிக்கூடம் முதல் வேலைதான்.

பதிவு கிடைத்ததும் தொழில் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைப் பதிவில்லாதவர் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது. கட்டடம் வடிவமைப்பதை அல்ல. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு கான்ட்ராக்டரோ சிவில் இன்ஜினீயரோதான் பிளான் போடுகிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது பிளான் இலவசம்! வடிவமைப்புக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பழகாத ஊரில், இலவசமாகப் படம் வரையும் ஏஐ புதிதாக எதையும் கெடுத்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் அப்ரூவல் வேலையும் சுருங்குகிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, இணையதளத்தில் சுய சான்று அளித்தே உடனடியாக அனுமதி பெறும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது. மக்களுக்கு நிம்மதி. அனுமதிக்காக அலைந்து கொடுப்பதையே வருமானமாக வைத்திருந்த சின்ன அலுவலகங்களுக்கு அது இடி.

இந்த நிலையில் இளம் ஆர்க்கிடெக்ட்டுகள் பலர் ‘பிம்’ பக்கம் போகிறார்கள். வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு இங்கே உட்கார்ந்து மாடல் செய்து தரும் நிறுவனங்கள் சென்னையில் இருக்கின்றன. மாதம் பிறந்தால் சம்பளம், நேரத்துக்கு வீடு. சின்ன டிசைன் ஸ்டுடியோக்கள் ‘அனுபவம் கிடைக்கும்’ என்று சொல்லிக் கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பும் நிலையில், இதைத் தேர்ந்தெடுப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் கட்டடம் வரைந்தும் ஒரு சென்ட்ரிங் பிரிப்பதைக்கூட நேரில் பார்க்காமல் போக வாய்ப்புண்டு.

சைட்டில் நடப்பது இன்னும் மென்பொருளுக்கு எட்டவில்லை. வானம் தோண்டும்போது பழைய கிணறு தட்டுப்பட்டால் என்ன செய்வது, மேஸ்திரி “இப்படித்தான் சார் எல்லாரும் கட்டுவாங்க” என்னும்போது எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடிவாதமாக நிற்பது, வீட்டுக்காரரிடம் செலவு கூடுவதை எப்படிச் சொல்வது – இவற்றுக்குத்தான் நாளைக்கும் சம்பளம் இருக்கும்.

எனவே இந்த ஆண்டு படிப்பை முடித்து வேலை தேடும் தம்பி, தங்கைகளே, நேர்காணலில் உங்களுக்கு எத்தனை மென்பொருள் தெரியும் என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, வாரத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு அனுப்புவீர்கள் என்று நீங்களும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் ஒத்துவந்தாலும் இன்னும் இரண்டு அலுவலகம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.